கூட்டுப் பட்டறையில் சேரும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

பொழுதுபோக்காகப் பொருள்களைச் செய்து பார்ப்போர், கருவிகளைப் பலரும் பகிர்ந்து பயன்படுத்தும் கூட்டுப் பட்டறைகளில் சேரும்போது, அங்குள்ள இயந்திரங்களின் பட்டியலை மட்டும் பார்த்து முடிவெடுப்பது போதாது என்று கருதுகிறேன். 1995இல் பெர்லினில் தொடங்கிய சி-பேஸ் போன்ற அமைப்புகள் உறுப்பினர்களின் சந்தாவையும் உழைப்பையும் கொண்டே இயங்குகின்றன; வாடிக்கையாளராக மட்டும் வந்துபோக விரும்புவோருக்கு அவை பொருந்தா.

முப்பரிமாண அச்சுப்பொறியைப் புதியவரும் சிறு பயிற்சியுடன் இயக்கிவிடலாம். மரத்தையோ உலோகத்தையோ சுழற்றிச் செதுக்கும் கடைசல் இயந்திரம் அப்படியல்ல, கையுறை அணிந்து அதை இயக்கினால் சுழலும் பாகத்தில் கையுறை சிக்கிக் கையையே இழுத்துவிடும். பி.வி.சி. தகட்டை லேசரில் வெட்டினால் வெளிவரும் ஹைட்ரஜன் குளோரைடு என்ற அமில வாயு, நுரையீரலைப் பாதிப்பதுடன் இயந்திரத்தையும் அரித்துவிடும். ஆகவே, பயிற்சியில் தேறியவர்களிடம் மட்டுமே இயந்திரத்தை ஒப்படைக்கும் பட்டறையின் கண்டிப்பைக் குறையாக எண்ணாமல், அங்கே சேர்வதற்கான முதல் காரணமாகவே கொள்ள வேண்டும். (பாதுகாப்புக் கண்ணாடி தேவையில்லை என்று சொல்லும் இடத்திற்கு இலவசமாகக்கூடப் போக வேண்டாம்.)

திறந்திருக்கும் நேரம், மூலப்பொருளுக்கான கட்டணம், பாதி முடிந்த வேலையை வைக்க இடம், பழுதுக்கான பொறுப்பு ஆகியவற்றை முன்னதாகவே கேட்டறிவது நல்லது. சந்தா கட்டும் முன் ஒருமுறை நேரில் சென்று, தரை கூட்டப்பட்டிருக்கிறதா, கருவிகள் எடுத்த இடத்திலேயே வைக்கப்பட்டுள்ளனவா என்று கவனித்தால், விளம்பரத்தில் இல்லாத பலவும் தெரிந்துவிடும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்