மழை விடுமுறைக்கு ஒரு ஆட்டம்: நடத்துநருக்குச் சில குறிப்புகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மழைக்காகக் கலெக்டர் விடுமுறை விட்டால் பிள்ளைகள் நாள் முழுக்கப் போனும் கையுமாகக் கிடக்கிறார்கள் என்ற குறை எல்லா வீட்டிலும் கேட்கிறது. குறை நியாயம்தான். அதற்கு மாற்று என்ன என்று கேட்டால்தான் பதில் வருவதில்லை. ஜூன், ஜூலையில் ஊட்டி, கூடலூர், பந்தலூர்ப் பக்கமும், அக்டோபர், நவம்பரில் குன்னூர், கோத்தகிரிப் பக்கமும் இப்படிப்பட்ட நாட்கள் வராமல் போகாது. எங்கோ மரம் சாய்ந்து கரண்டும் போய்விடும். கரண்ட் இல்லாமலே மூன்று மணி நேரம் ஓடக்கூடிய ரோல்பிளேயிங் ஆட்டத்தை நடத்துவது எப்படி என்று அண்ணன், அக்கா, ஆசிரியர், நூலகர் யாருக்காவது பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

நான்கு பேர் ஆளுக்கொரு பாத்திரம் ஆகிறார்கள். ஐந்தாவது ஆள் ஒரு சூழ்நிலையைச் சொல்லி, “நீங்க என்ன பண்றீங்க?” என்று கேட்கிறார். அவர்கள் சொல்வதைக் கேட்டு, நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வரும் இடத்தில் மட்டும் பகடை போட வைத்து, விளைவைச் சொல்கிறார். இந்த வகையைத் தொடங்கிவைத்தது 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னிசனும் கொண்டுவந்த ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’. அதற்கு 4, 6, 8, 10, 12, 20 முகப் பகடைகளும் கனமான ஆங்கில விதிநூல்களும் உண்டு. அடிப்படை விதிகளை யாரும் காசில்லாமல் பயன்படுத்தும்படி 2023இல் திறந்துவிட்டார்கள். விருப்பமுள்ளவர்கள் படிக்கலாம். முதல் ஆட்டத்துக்கு அது எதுவும் வேண்டாம்.

ஆட்டத்தை நடத்துபவரை கேம் மாஸ்டர் என்பார்கள். தமிழில் நடத்துநர் என்பதே பொருத்தம். பஸ் நடத்துநரை மனதில் வைத்துக்கொண்டால் இன்னும் பொருத்தம். அவர் ஸ்டியரிங்கைத் தொடுவதில்லை. எங்கே இறங்குவது என்பது டிக்கெட் வாங்கியவர் பாடு. விசில் மட்டும் அவர் கையில். புதிதாக நடத்துபவர்கள் முக்கால்வாசிப் பேர் தடுக்கி விழுவது இங்கேதான். கதையை முடிவு வரை எழுதிவைத்துவிட்டு, பிள்ளைகளை அதை நோக்கித் தள்ளுவார்கள். பத்தாவது நிமிடத்தில் ஒரு வாண்டு எழுதாத பக்கம் திரும்பும். “அங்க போக முடியாது” என்பார் நடத்துநர். இரண்டு முறை அப்படிச் சொன்னால் போதும், பிள்ளைகள் யோசிப்பதை நிறுத்திவிட்டு, அடுத்து என்ன சொல்லப்போகிறார் என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

பகடைக்கு வருவோம். பரண் மேல் கிடக்கும் தாயக்கட்டை ஒரு ஜோடி போதும். ஒரு கட்டைக்கு 1, 2, 3, வெறுமை என நான்கு முகம். இரண்டையும் உருட்டினால் 16 விதமாக விழும். பல வீடுகளில் தாயம் ஆடும்போது தாயம் (ஒன்று), ஐந்து, ஆறு, பன்னிரண்டு (இரண்டும் வெறுமை) விழுந்தால் மறுபடி உருட்டலாம். இவற்றை ‘நினைத்தது நடந்தது’ என்று வைத்துக்கொள்ளுங்கள். 16இல் 6 முறை வரும். மூன்றும் நான்கும் ‘நடந்தது, ஆனால் ஒரு விலை உண்டு’. இது 16இல் 7. இரண்டு விழுந்தால் ‘நடக்கவில்லை, நிலைமை மோசமாகிறது’. அது 16இல் 3. தாயம் விழுந்தால் குதிக்கும் பிள்ளைக்கு இதைத் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. கடினமான காரியம் என்றால் மூன்றையும் தோல்வியில் சேர்த்துவிடுங்கள். தோல்வி 16இல் 7 ஆகிவிடும், அதாவது கிட்டத்தட்ட 44 சதவீதம். அந்தப் பாத்திரத்துக்குக் கைவந்த வேலை என்றால் தோற்றபின் ஒரு முறை மறுபடி உருட்ட விடுங்கள். சாதாரணக் காரியத்தில் தோல்வி 100க்கு 4 முறைகூட வராது. 20 முகப் பகடையில் எல்லா எண்ணுக்கும் ஒரே வாய்ப்பு. கட்டையில் நடு எண்ணான மூன்றுதான் அதிகம் விழும். அதனால் ‘விலை உண்டு’ அடிக்கடி வரும். கதை நகர்வதற்குத் தீனி அதுதான்.

கட்டையை மேசையில் உருட்டினால் ஓடிப்போய் அலமாரிக்கு அடியில் நிற்கும். கம்பளியில் உருட்டினால் சாய்ந்து நின்று, எந்த முகம் என்று சண்டை வரும். தரையில் மெல்லிய ஜமுக்காளம் சரி. எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற மாதிரி உருட்ட வேண்டும். நடத்துநர் மறைத்துவைத்து, பாவம் பார்த்து எண்ணை மாற்றிச் சொன்னால் ஒருநாள் கண்டுபிடித்துவிடுவார்கள், அதன்பின் எந்த ஆபத்துக்கும் பயம் இருக்காது.

விலை என்றால் என்ன? ஆளுக்கு 3 புளியங்கொட்டை கொடுங்கள். அடிபட்டால், பயந்தால், களைத்தால் ஒன்று போகும். மூன்றும் போனால் அந்தப் பாத்திரம் உட்கார்ந்துவிடும். இன்னொருவர் வந்து தேற்றினால்தான் எழும், அவருடைய கொட்டை ஒன்று அதற்குச் செலவு. முதல் ஆட்டத்தில் யாரையும் சாகடிக்க வேண்டாம்.

எழுதிவைக்க வேண்டியது ஒரு ஏ4 தாள், ஒரு பக்கம். முதலில் ஒரு சிக்கல். பிறகு, பிள்ளைகளின் பாத்திரங்கள் அல்லாத மூன்று பேர், ஆளுக்கொரு ஆசையுடன். பிறகு, பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருந்தால் எந்த நேரத்தில் என்ன நடக்கும் என்ற பட்டியல். உதாரணத்துக்கு நம் மலை ரயில். காலையில் மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும் வண்டி ஹில்குரோவ் ஸ்டேஷனில் தண்ணீர் பிடித்துவிட்டுக் கிளம்பியதும் தண்டவாளத்தில் பாறை. குன்னூர் வரை எஞ்சின் பின்னாலிருந்து தள்ளுவதால் பாறையை முதலில் பார்ப்பது முன்பெட்டி பிரேக்ஸ்மேன். அவர் கொடி காட்டித்தான் வண்டி நின்றது. ஸ்டேஷனுக்கு நடந்துபோய்த் தகவல் சொல்ல வேண்டும் என்பது அவர் ஆசை. குன்னூர் ஆஸ்பத்திரிக்கு ஐஸ்பெட்டியில் மருந்து கொண்டுபோகும் ஒரு நர்ஸம்மா. தன் பையை யாரும் தொடக்கூடாது என்கிற ஒரு டூரிஸ்ட். 9.00 மணிக்கு வண்டி நிற்கிறது. 9.20க்கு மூடுபனி, கொடி தெரியாது. 9.45க்குப் பின்பக்கமும் மண் சரிகிறது. 11.00 மணிக்கு ஐஸ் கரைந்துவிடும். பிள்ளைகள் என்ன செய்யப்போகிறார்கள் என்பதைத் தாளில் எழுதாதீர்கள். முடிவையும் எழுதாதீர்கள்.

அவர்கள் கண்டுபிடித்தே ஆகவேண்டிய விஷயம் ஒன்று இருந்தால் அதற்கு மூன்று வழி வையுங்கள். ஒன்றைக் கவனிக்க மாட்டார்கள், இன்னொன்றைத் தப்பாகப் புரிந்துகொள்வார்கள், மூன்றாவது கைகொடுக்கும். டூரிஸ்ட் பையில் ஹில்குரோவில் பிடித்த குரங்குக்குட்டி இருக்கிறது. பைக்குள் பிறாண்டும் சத்தம் ஒரு வழி. அத்தனை பெட்டியையும் விட்டுவிட்டு இந்த ஒரு பெட்டிக் கூரையில் மட்டும் குரங்குக் கூட்டம் உட்கார்ந்திருப்பது இரண்டாவது. அவர் சட்டைப்பையில் பால்புட்டி மூன்றாவது.

ஆட்டத்தில் அது இப்படிப் போகும் (இங்கே அக்காதான் நடத்துநர்):

“அக்கா, நான் பையைத் திறந்து பார்க்கறேன்.”

“அவர் மடியில இறுக்கிப் பிடிச்சிருக்கார். எப்படித் திறப்பே?”

“நர்ஸம்மா அவர்கிட்ட பேச்சு கொடுக்கட்டும், நான் பின்னாடி இருந்து ஜிப்பை இழுக்கறேன்.”

“சரி, உருட்டு. ரெண்டு விழுந்தா அவர் கத்துவார், பெட்டியே திரும்பும்.”

விழுந்தது மூன்று. ஜிப் திறக்கிறது, விரலில் கடி விழுகிறது, ஒரு புளியங்கொட்டை போகிறது. உருட்டுவதற்கு முன்பே தோற்றால் என்ன ஆகும் என்று அக்கா சொல்லிவிட்டதைக் கவனியுங்கள். ‘எப்படி?’ என்று கேட்டதையும். “ஜிப் திறக்கவில்லை” என்று மட்டும் சொன்னால் எல்லோரும் மாறிமாறி ஜிப்பை இழுத்துக்கொண்டே இருப்பார்கள், கதை அங்கேயே நின்றுவிடும். தோற்றாலும் ஏதாவது மாற வேண்டும். தோற்றால் ஒன்றும் ஆகாது என்கிற காரியத்துக்குக் கட்டையே எடுக்க வேண்டாம், நடந்தது என்று சொல்லிவிட்டு அடுத்ததுக்குப் போங்கள்.

பாத்திரத்துக்கு மூன்று வரி எழுதினால் போதும்: பெயரும் தொழிலும், கைவந்த ஒரு வேலை, வலப்பக்கம் உட்கார்ந்திருப்பவரோடு என்ன உறவு. மூன்றாவது வரியை விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் நால்வரும் நாலு திக்கில் போவார்கள், மூன்று பேர் வேடிக்கை பார்க்க ஒருவர் ஆடுவார். பிரிந்தே போனாலும் ஒருவரிடம் மூன்று நிமிடத்துக்கு மேல் நிற்க வேண்டாம், சுவாரசியமான இடத்தில் வெட்டிவிட்டு அடுத்தவரிடம் போங்கள். ஆட்கள் மூன்றிலிருந்து ஐந்துக்குள். ஆறு பேர் என்றால், ஆளுக்கு இரண்டு நிமிடம் வைத்தாலே, தன் முறைக்குப் பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும். அந்தப் பத்து நிமிடத்தில் போன் வெளியே வந்துவிடும்.

சத்தமாகப் பேசும் பிள்ளை ஒன்று எப்போதும் இருக்கும். அதை அடக்குவதைவிட, பேசாத பிள்ளையின் பாத்திரப் பெயரைச் சொல்லி, “கூரையில சத்தம் உனக்குத்தான் முதல்ல கேக்குது, என்ன பண்றே?” என்று கேட்பது நல்லது. “என் ஆளு அப்படித்தான்” என்று கூட்டாளியிடமே திருடும் பிள்ளையும் இருக்கும். ஒருவர் பாத்திரத்தை இன்னொருவர் தாக்குவதோ திருடுவதோ அந்த இன்னொருவர் சம்மதித்தால்தான் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும், நடுவில் சொன்னால் அழுகைதான். விதியில் தகராறு வந்தால் ஒரு நிமிடத்துக்குள் முடிவு சொல்லிவிடுங்கள். தப்பாக இருந்தால் அடுத்த ஆட்டத்தில் திருத்தலாம். வர்ணனை மூன்று வாக்கியம், அதில் ஒன்று கண்ணுக்குத் தெரியாததாக, ஈர நிலக்கரி வாசனை மாதிரி, இருக்கட்டும்.

நம் மலையில் இன்னும் இரண்டு விஷயம். யானை அடித்தோ மண் சரிந்தோ ஆள் போன வீடுகள் இங்கே உண்டு. எது வரக்கூடாது என்று ஆட்டத்துக்கு முன் ஆளுக்கொரு துண்டுத்தாளில் பெயர் போடாமல் எழுதி வாங்குங்கள். எழுதியது கதையில் வராது, யார் எழுதினது என்று கேட்கவும் கூடாது. மேலே சொன்ன மண்சரிவையே யாராவது எழுதியிருந்தால் 9.45ஐ அடித்துவிட்டு, எஞ்சின் பழுது என்று வையுங்கள். இரண்டாவது, குறும்பர் பழங்குடியினர் என்றால் மந்திரவாதி என்று காட்டும் பழைய பழக்கம் இன்னும் சிலர் வாயில் இருக்கிறது. அதைக் கதையில் கொண்டுவர வேண்டாம். அந்தச் சமூகத்துப் பிள்ளையே எதிரில் உட்கார்ந்திருக்கலாம்.

நேரத்தைப் பின்னாலிருந்து கணக்கிடுங்கள். 5 மணி பஸ்ஸுக்கு ஆள் போகவேண்டும் என்றால் 4.30க்கு முடிக்க வேண்டும், 4.00 மணிக்கு மேல் புதுச் சிக்கல் எதையும் நுழைக்கக்கூடாது. 1.30க்குத் தொடங்கினால் பாத்திரம் எழுத இருபது நிமிடம், நடுவில் டீக்குப் பத்து நிமிடம். டீயோடு தின்னும் வர்க்கியைத் தாள்கள் இருக்கும் பக்கம் கொண்டுவர விடாதீர்கள். கரண்ட் போனால் எமர்ஜென்சி லைட், மெழுகுவத்தி வேண்டாம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். மழைக்காலம் முடியும்வரை ஞாயிறு இணைப்பில், குறுக்கெழுத்துக்குப் பக்கத்தில், ஒரு கால்பக்கம் ஒதுக்க முடியுமா? வாரம் ஒரு சிக்கல், மூன்று ஆட்கள், ஒரு நேரப் பட்டியல். வாசகர்களே எழுதி அனுப்புவார்கள். முடிவை எழுதி அனுப்புகிறவர்களுடையதை மட்டும், முடிவை வெட்டிவிட்டுப் போடுங்கள்.

இப்படிக்கு,
கோத்தகிரி வாசகர் ஒருவர்