பந்தை விடு என்று சொன்னவருக்கு

அன்புள்ள அனைவருக்கும் வணக்கம்.

போன மாதம் இண்டியானாபொலிஸ் தமிழ் நண்பர்கள் கூடியபோது அமெரிக்கக் கால்பந்தில் தடுப்பாட்ட முன்வரிசை வீரர்களுக்குப் பயிற்சி தந்த ஜான் டீர்லிங்க் பற்றி ஒரு மணி நேரம் பேசினேன். அமெரிக்கக் கால்பந்து தெரியாதவர்கள்கூடக் கடைசிவரை எழுந்திருக்காமல் கேட்டீர்கள். நன்றாக இருந்தது என்று பலர் எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பேச்சு உருவானதே வேறு சிலரால்தான். அவர்களுக்கு நன்றி சொல்லாமல் எனக்குத் தூக்கம் வராது.

முதல் வணக்கம் எதிர்வீட்டுப் பெரியவருக்கு. ஐயா, உங்களுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. உங்களைத் தாத்தா என்று கூப்பிடும் என் மகன் இதைப் படித்துச் சொல்வான். நாங்கள் இங்கே குடிவந்த புதிதில் உங்கள் வீட்டுக் கூடத்தில் நம் ஊர் அணியான கோல்ட்ஸின் ஆட்டம் பார்த்தோம். பந்து எங்கே போகிறது என்று நான் தேடித் தேடித் தவித்தேன். "பந்தை விடு. முன்வரிசையில் ஒரு கையைத் தரையில் ஊன்றிக் குனிந்து நிற்கிறானே, அவனைப் பார்" என்றீர்கள். அன்றைக்குத்தான் எனக்குக் கண் திறந்தது.

பிறகு பழைய ஆட்டங்களை நிறுத்தி நிறுத்திக் காட்டினீர்கள். டுவைட் ஃபிரீனி, அணிகள் புதிய வீரர்களைச் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கும் நாளில் 2002-இல் கோல்ட்ஸுக்கு வந்தவர். முன்வரிசைக்கு உயரம் போதாது என்று பேசப்பட்டவர். வெளிப்பக்கமாகச் சுற்றி ஓடுவதுபோல் பாய்வார். தடுப்பவன் அந்தப் பக்கம் சாய்ந்த நொடியில் பம்பரமாய்ச் சுழன்று உள்ளே புகுந்துவிடுவார். பந்தை எறிய நிற்கும் குவாட்டர்பேக்கை எறியுமுன் வீழ்த்துவதைச் சாக் என்பார்கள். முதல் ஆண்டிலேயே அவருக்கு 13 சாக். 9 முறை எதிராளி கையிலிருந்து பந்தைப் பறிகொடுக்க வைத்தார். அடுத்த ஆண்டு ஐந்தாம் சுற்றில் வந்த ராபர்ட் மாத்திஸ், ஆளைப் பிடிக்கும்போதே பந்து இருக்கும் கையை வெட்டுவார். மொத்தம் 123 சாக். "இவர்களுக்குப் பின்னால் ஒரு வாத்தியார் இருந்தார்" என்று நீங்கள் சொன்ன பெயர்தான் டீர்லிங்க்.

நூலகத்தில் பழைய செய்திகளைத் தேடி எடுத்துக் கொடுத்த அம்மாவுக்கு அடுத்த நன்றி. 1974-இல் சான் டியேகோ சார்ஜர்ஸ் அணி டீர்லிங்கைத் தேர்ந்தெடுத்தது. அவரும் முன்வரிசைக்காரர்தான். முழங்கால் காயம் அந்த வாழ்வைச் சீக்கிரமே முடித்துவிட்டது. அதன்பின் கிளீவ்லேண்ட், லாஸ் ஏஞ்சலிஸ், மின்னசோட்டா, டெட்ராய்ட், டென்வர் என்று ஊர் ஊராகப் பயிற்சியாளர் வேலை. கடைசியாக 2002 முதல் பத்து ஆண்டுகள் நம் ஊரில். மின்னசோட்டாவில் அவரிடம் பயின்ற ஜான் ராண்டிலைத் தேர்வு நாளில் எந்த அணியும் எடுக்கவில்லை. அந்த ராண்டில் 137.5 சாக்குகளோடு ஓய்வு பெற்று, 2010-இல் சிறந்த ஆட்டக்காரர்களைக் கௌரவிக்கும் புகழ் மண்டபத்தில் இடம்பிடித்தார். ஆண்டின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலில் வென்றவர்களுக்குத் தரும் மோதிரங்கள் டீர்லிங்குக்கு டென்வரில் இரண்டு. மூன்றாவது மோதிரம், 2007 பிப்ரவரி 4 அன்று மயாமியில் கொட்டும் மழையில் கோல்ட்ஸ் 29-17 என்று வென்றபோது வந்தது.

என் மகனின் பள்ளிப் பயிற்சியாளருக்கு என்ன சொல்லி நன்றி சொல்வது? நான் சந்தேகம் கேட்டபோதெல்லாம் மைதானத்துக்குள்ளேயே அழைத்துப்போய்க் காட்டினீர்கள். ஆட்டம் தொடங்குமுன் எதிரணி குவாட்டர்பேக் கத்தும் எண்ணிக்கை நம்மை ஏமாற்றவும் கூடும். அதை நம்பிப் பந்து அசையுமுன் கோட்டைத் தாண்டிப் பாய்ந்தால் ஐந்து கெஜம் தண்டம். ஆகவே காதை மூடிக்கொண்டு, தரையில் இருக்கும் பந்து அசைகிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும். எதிர்வீட்டுப் பெரியவர் என்னிடம் விடு என்றாரே, அதே பந்தை! அந்த அசைவுக்கும் முதல் அடிக்கும் நடுவே இருக்கும் கண்ணிமைப் பொழுதுக்காகப் பிள்ளைகளை ஒரு மணி நேரம் திரும்பத் திரும்பக் குனிந்து பாய வைத்தீர்கள். சடுகுடு ஆடி வளர்ந்த எனக்கு அந்த ஒரு மணி நேரம் புல்லரித்தது.

பேச்சின் வரைவைப் படித்துவிட்டு, "நல்லதை மட்டும் சொல்லாதே அண்ணா" என்று எழுதிய தம்பிக்கும் நன்றி. டீர்லிங்கின் ஆட்கள் குவாட்டர்பேக்கின் கால்களை நோக்கித் தாழப் பாய்கிறார்கள் என்ற குற்றச்சாட்டு இருந்தது. அதைத் தடுத்த விதியைப் பலரும் அவர் பெயராலேயே அழைத்தார்கள். முழங்காலால் வாழ்க்கையை இழந்தவர் மேல் இப்படி ஒரு பழி என்பது எனக்கு இன்னும் கசக்கிறது. ஆனாலும் அதைப் பேச்சில் சொன்னதுதான் சரி. அவர்மேல் மதிப்பு வைத்திருப்பதாலேயே அதை மறைக்கக் கூடாது. நீ பிடிவாதம் பிடித்திராவிட்டால் நான் விட்டிருப்பேன், தம்பி.

2020 மே மாதம், 69 வயதில் டீர்லிங்க் காலமானார். 2024-இல் ஃபிரீனி புகழ் மண்டபத்தில் ஏறியதைப் பார்க்க அவர் இல்லை. அன்று தொலைக்காட்சி முன்னால் எதிர்வீட்டுத் தாத்தா கண்ணைத் துடைத்துக்கொண்டதை என் மகன் பார்த்தான். அதை இங்கே எழுதலாமா என்று கேட்டேன், எழுது என்றார்.

ஐயா, ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி ஆட்டத்துக்கு வந்துவிடுகிறோம். உங்களுக்குப் பிடித்த முறுக்கு சுட்டு வைத்திருக்கிறாள் என் மனைவி. இந்தத் தடவை எந்த நொடியில் நிறுத்த வேண்டும் என்று நான் சொல்கிறேன்.