ஆண்டு மழைக் கணக்கு எள்ளுக்கு உதவாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நடு பர்மாவின் வறண்ட பகுதியைப் பற்றித் தங்கள் சென்ற இதழில் வெளியான கட்டுரை, ஓராண்டின் மொத்த மழையை மட்டும் வைத்து விளைச்சலை மதிப்பிட்டிருந்தது. மக்வே, பக்கோக்கு வட்டாரங்களின் எள்ளையும் துவரையையும் வாங்கி யாங்கோனில் விற்று வருபவன் என்ற முறையில், அந்தக் கணக்கு போதாது என்று கருதுகிறேன்.

பர்மாவின் மேற்கே உள்ள ரக்கைன் கடற்கரையில் ஆண்டுக்கு 4,000 மில்லிமீட்டருக்கும் மேல் கொட்டும் பருவமழை, மலைத்தொடரைத் தாண்டுவதற்குள் இளைத்துப்போவதால், கிழக்கே பல ஊர்களுக்கு 1,000 மில்லிமீட்டர்கூடக் கிடைப்பதில்லை. அதுவும் மே, ஜூனில் ஒரு தவணை, ஆகஸ்டு முதல் அக்டோபர் வரை மறு தவணை என்றே வரும். இடையில் ஜூலையில் மழை ஓயும். அந்த ஓய்வு பத்து நாளா, நாற்பது நாளா என்பதில்தான் உழவரின் பிழைப்பு இருக்கிறது. நீண்டுவிட்டால், ஈரம் பிடிக்காத மணற்பாங்கான நிலத்தில் எள் பூவை உதிர்த்துவிடும். தப்பிய எள்ளும், அறுத்துக் கட்டிக் காயவைத்திருக்கும் நாளில் மழை பிடித்தால் நிறம் கெட்டு விலை இழக்கும். எள்ளுக்கு ஏழு உழவு என்பது நம் பழமொழி. பயிர் கெட்டால் மறுபடி உழுது விதைக்கும் செலவை அறிந்தவர்களுக்கு அது வெறும் பேச்சன்று.

வெப்பத்தைக் கட்டுரை தொடவே இல்லை. 2024 ஏப்ரல் 28 அன்று மக்வே வட்டாரத்துச் சௌக் நகரில் 48.2 பாகை செல்சியசு பதிவானது. அப்படிக் காய்ந்த மண்ணில் விழும் முதல் மழையை நம்பி விதைத்தால், அடுத்த மழை வருவதற்குள் முளை கருகிவிடும். அதே ஆண்டு செப்டம்பரில் யாகி புயலின் எச்சம் மண்டலை, நேப்பிடோ வட்டாரங்களை வெள்ளத்தில் மூழ்கடித்தது. மொத்தத்தை மட்டும் பார்ப்பவர் அதையும் நல்ல மழை என்றே எழுதக்கூடும்.

எள்ளை விட்டுத் துவரைக்கு மாறலாம் என்ற யோசனையும் எனக்கு உடன்பாடில்லை. ஆழ வேரோடும் துவரை வறட்சியைத் தாங்கும் என்பது உண்மையே. ஆனால் அது தைக்குப் பிறகே பணமாகும். அதன் விலையோ பெரும்பாலும் இந்தியா வாங்கும் அளவைப் பொறுத்தது. அதுவரை வீட்டுச் செலவுக்கு முந்தி அறுக்கும் எள்தான் கைகொடுக்கிறது. இரண்டையும் ஊடுபயிராகச் சேர்த்தே விதைப்பவர்கள் இதை அறியாதவர்கள் அல்லர்.

இனி இத்தகைய கட்டுரைகளில் ஊர்வாரியாக, வாரவாரியாகப் பெய்த மழையையும், இரு மழைகளுக்கு இடைப்பட்ட நாள்களின் எண்ணிக்கையையும் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தானிய வணிகர் ஒருவர்,
யாங்கோன்.