அமெரிக்கத் தமிழ்ச் சங்க நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களே,

பொங்கல் விழா சாப்பாட்டு வரிசையில் இந்தத் தடவையும், அரசு உதவி வாங்கும் ஏழைகளைப் பற்றிய அந்தப் பேச்சு காதில் விழுந்தது: "நாம கட்டுற வரியில உட்கார்ந்து சாப்பிடுறாங்க." சொன்னவர் நல்ல மனிதர், பல வருட நண்பர். விருந்து நேரத்தில் வாக்குவாதம் வேண்டாம் என்று இருந்துவிட்டேன். ஆனால் மனசு கேட்கவில்லை.

நம்மில் பெரும்பாலோர் இந்த நாட்டுக்கு வர வழிவிட்டது 1965 அக்டோபர் 3 அன்று அதிபர் லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்ட குடியேற்றச் சட்டம். அதற்கு முன் இந்தியாவுக்கான ஒதுக்கீடு ஆண்டுக்கு 100 பேர்தான். அந்தக் கையெழுத்துக்கு இரண்டு மாதம் முன்பு, ஜூலை 30 அன்று, அதே ஜான்சன் மிசௌரியிலுள்ள இண்டிபெண்டன்ஸ் ஊருக்குப் போய் முதியோருக்கான மெடிகேர், ஏழைகளுக்கான மெடிகெய்டு என்ற அரசு மருத்துவக் காப்பீடுகளுக்குக் கையெழுத்துப் போட்டார். எல்லோருக்கும் மருத்துவக் காப்பீடு வேண்டும் என்று போராடித் தோற்ற முன்னாள் அதிபர் ட்ரூமன் அந்த ஊர்க்காரர். முதல் மெடிகேர் அட்டை அவர் கைக்குத்தான் போனது. நம்மை உள்ளே விட்டதும், ஏழை கிழவிக்கு ஆஸ்பத்திரிக் கதவைத் திறந்ததும் ஒரே காங்கிரஸ், அதாவது அமெரிக்க நாடாளுமன்றம். ஒன்றின் பலனை அனுபவித்துக்கொண்டு மற்றதை இகழ்வது நமக்கு அழகா?

சரி, இந்த உதவிகள் யாருக்குக் கிடைத்தன, யாருக்குக் கிடைக்கவில்லை? 1935-ல் அதிபர் ரூஸ்வெல்ட், தொழிலாளர்களுக்கு ஓய்வூதியம் தரும் சோஷியல் செக்யூரிட்டி சட்டத்தைக் கொண்டுவந்தார். முதல் மாதாந்திர செக் 1940 ஜனவரி 31 தேதியிட்டது. வெர்மாண்ட் மாநிலத்தின் ஐடா மே புல்லருக்குப் போனது, தொகை 22 டாலர் 54 சென்ட். அவர் அதுவரை கட்டியிருந்தது 24 டாலர் 75 சென்ட். இரண்டாவது செக்கிலேயே போட்ட பணம் திரும்பிவிட்டது. 100 வயது வரை வாழ்ந்து 22,000 டாலருக்கு மேல் வாங்கினார். அவரை உட்கார்ந்து சாப்பிட்டவர் என்று நாம் சொல்வோமா? மாட்டோம், சொல்லவும் கூடாது.

ஆனால் அதே சட்டத்தின் ஓய்வூதியத்தில் வயல் கூலிகளுக்கும் வீட்டு வேலை செய்பவர்களுக்கும் இடமில்லை. அன்றைய கறுப்பினத் தொழிலாளர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பேர் இதனால் வெளியே நின்றார்கள். கதவு கொஞ்சம் திறக்கவே 1950 ஆனது. அதுவரை அடுத்தவர் வீட்டில் துவைத்துச் சமைத்துக் கிழமாகிப் போன பெண்களை நினைத்தால் எனக்கு நெஞ்சு கனக்கிறது. உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் அவர்கள் இல்லை.

அப்புறம் 1996. கிளிண்டன் கையெழுத்திட்ட சட்டம் ஏழைத் தாய்மாருக்கான உதவிக்கு ஐந்து வருட வரம்பு வைத்தது. மாநிலங்களுக்கு அன்று ஒதுக்கிய ஆண்டுக்குச் சுமார் 1,650 கோடி டாலர், விலைவாசி எவ்வளவோ ஏறியும் உயரவே இல்லை. 2021-ல் குழந்தைகளுக்கான வரிச்சலுகையைக் கூட்டி மாதாமாதம் பணமாகக் கொடுத்தபோது குழந்தை வறுமை 5.2 சதவீதத்துக்கு இறங்கியது. காங்கிரஸ் அதை நீட்டிக்கவில்லை. அடுத்த ஆண்டே 12.4 சதவீதம்.

வரி சீசனில் எங்கள் ஊர் நூலகத்தில் இலவசமாக வரிப் படிவம் நிரப்பிக் கொடுக்கும் மேசையில் உட்காருகிறேன். போன வருடம் ஒரு அம்மா கசங்கிய பிளாஸ்டிக் பையிலிருந்து மூன்று டபிள்யூ-2 (வருடச் சம்பளக் கணக்கு) படிவங்களை எடுத்து வைத்து, ஒவ்வொன்றையும் உள்ளங்கையால் நீவிவிட்டார். முதியவர்களை வீட்டுக்குப் போய்க் குளிப்பாட்டிப் பார்த்துக்கொள்ளும் வேலை, மூன்று இடங்களில். அப்படியும் ஃபுட் ஸ்டாம்ப் என்ற அரசு உணவு உதவி இல்லாமல் மாதக் கடைசி ஓடாதாம். இந்த நாட்டில் அந்த வேலைக்கான கூலியில் பெரும்பங்கு தருவதே மெடிகெய்டுதான். ஊரிலிருந்து நாம் அழைத்துவந்த அப்பா அம்மாக்களும், கிரீன் கார்டில் ஐந்து வருடம் முடிந்ததும், இதே மெடிகேர், மெடிகெய்டு அலுவலகங்களுக்குத்தான் விண்ணப்பத்தோடு போகிறார்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அந்த அம்மாவுக்கும் அப்படியே.

சங்கத்திடம் ஒன்று கேட்கிறேன். நூலக மேசைக்கு இன்னும் நான்கு பேர் தேவை. சனிக்கிழமை காலை மூன்று மணி நேரம், பயிற்சி அவர்களே தருவார்கள். அடுத்த செயற்குழுவில் இதை அறிவியுங்கள். வரிசையில் நின்ற அந்த நண்பரை நானே நேரில் கூப்பிடுகிறேன்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்