கதவைச் சாத்திக்கொண்டு பத்து நிமிஷம் பேசுங்கள்

எங்கள் வட்டார அரசு மருத்துவமனையின் தலைமை மருத்துவர் அவர்களுக்கும், உடன் பணிபுரியும் எல்லோருக்கும்,

வணக்கம்.

ஊர்ப் பெயரையும் ஆஸ்பத்திரிப் பெயரையும் நான் எழுதப்போவதில்லை. தாமிரபரணித் தண்ணீர் பாயும் ஊர், திருநெல்வேலிக்கு பஸ் உண்டு, அவ்வளவு போதும். போன பிசானத்துக்கு நாற்றங்கால் போட்ட சமயத்தில், நீர் பிரியாமல் அடிவயிறு வீங்கி, நடுராத்திரியில் ஆட்டோவில் வந்து இறங்கிய 71 வயதுப் பெரியவரை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அவர் என் பெரியப்பா. அதற்கப்புறம் நடந்ததும் உங்கள் காதுக்கு வந்திருக்கும், ஊரே பேசியது.

வைத்தியத்தில் குறை சொல்ல வரவில்லை. அன்றைக்கு டியூட்டியில் இருந்த இளம் டாக்டர் கொஞ்சமும் தாமதிக்காமல் டியூப் போட்டார். முக்கால் லிட்டருக்கு மேல் இறங்கியது. "உசுரே திரும்பி வந்த மாரி இருக்குய்யா" என்று பெரியப்பா அவரைக் கையெடுத்துக் கும்பிட்டார். அந்த டாக்டருக்கு இன்றைக்கும் நன்றி சொல்கிறோம்.

நான் கேட்பது வேறு. கதவு சாத்திய ஒரு அறையில் நோயாளியையும் வீட்டு ஆள் ஒருவரையும் உட்காரவைத்து, இது என்ன வியாதி, எதற்கு இந்த டெஸ்ட், அடுத்து என்னென்ன வழி இருக்கிறது என்று பத்து நிமிஷம் தமிழில் பேச வேண்டும். அவ்வளவுதான்.

அது நடக்காததால் என்ன ஆனது என்று சொல்கிறேன்.

டியூப் போட்ட மறுநாள், டியூப் உள்ளே இருக்கும்போதே ரத்தம் எடுத்தீர்கள். நீர்ப்பைக்குக் கீழே ஆண்களுக்கு இருக்கிற புராஸ்டேட் சுரப்பிக்கான பி.எஸ்.ஏ. டெஸ்ட், 14.6 என்று வந்தது. பக்கத்திலேயே, 4 வரை இருக்கலாம் என்று அச்சடித்திருந்தது. சீட்டை ஜன்னல் வழியாக நீட்டியவர், "இது கேன்சருக்குப் பாக்குற டெஸ்ட்டு. ஜாஸ்தியா இருக்கு, பெரிய எடத்துல காட்டுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்.

ஒரு வாரம் மாத்திரை சாப்பிட்டு, டியூபை எடுத்ததும் பெரியப்பாவுக்கு நீர் தானாகவே பிரிந்தது. உடம்பு தேறிவிட்டது. மனுஷன் தேறவில்லை. "சாவப்போறவனுக்கு எதுக்குல ஸ்கேனு?" என்று எந்த ஆஸ்பத்திரிக்கும் வர மறுத்துவிட்டார். சோறு இறங்கவில்லை. கண்ணை மூடுவதற்குள் சின்ன மகளைக் கட்டிக்கொடுத்துவிட வேண்டும் என்ற ஒரே நினைப்பு. வாய்க்கால் ஓரத்து வயல், பத்து மரக்கால் விதைப்பாடு, அவருடைய அப்பா காலத்துச் சொத்து. கதிர் பால் பிடித்து நிற்கையில், அறுப்புக்குக்கூடக் காத்திராமல் வந்த விலைக்குக் கொடுத்தார். வாங்கினவருக்கும் விஷயம் தெரியும். சாகப்போகிறவனிடம் என்ன விலைக்கு வாங்கலாமோ அந்த விலைக்கு வாங்கினார். பத்திரம் முடிந்த கையோடு, சுடலைமாடன் கோயில் கொடைக்கு இரண்டு வருஷத்து வரியை முன்கூட்டியே கட்டிவிட்டு வந்தார். பாக்கி வைத்துவிட்டுப் போய்விட்டான் என்று பேச்சு வரக்கூடாதாம்.

தை மாசம் கல்யாணம் முடிந்த பிறகுதான் அவரைப் பாளையங்கோட்டையில் ஒரு யூராலஜி டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போக முடிந்தது. சீட்டைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: "ரத்தம் எடுத்தப்போ டியூப் இருந்துதா?" இருந்தது என்றோம். ஆசனவாய் வழியாக விரல் வைத்துச் சோதித்துவிட்டு, புராஸ்டேட் சுரப்பி பெரிதாக இருக்கிறது, ஆனால் வழவழவென்று ஒரே சீராக இருக்கிறது, கட்டி எதுவும் தட்டுப்படவில்லை என்றார். திரும்ப ரத்தம் எடுக்கச் சொன்னார். 3.1.

வயல் போனது போனதுதான்.

14.6 என்பது தப்பான எண் இல்லை. லேபில் யாரும் பிழை செய்யவில்லை. பி.எஸ்.ஏ. என்பது புராஸ்டேட் சுரப்பியில் சுரக்கிற ஒரு புரதம். புற்று இருந்தாலும் ரத்தத்தில் அது கூடும். வயதானதால் சுரப்பி சும்மா வீங்கியிருந்தாலும் கூடும். கிருமி தொற்றினாலும், நீர் அடைத்தாலும், டியூப் போட்டாலும் கூடும். தொற்று, அடைப்பு, டியூப் இவற்றால் கூடியது அடங்கி எண் பழைய நிலைக்கு வர ஆறு வாரம்போல ஆகும். அதனால் பொறுத்திருந்து மறுபடி பார்க்க வேண்டும். அப்போதும் கூடுதலாக இருந்தால் எம்.ஆர்.ஐ., பிறகு தேவைப்பட்டால் ஊசியால் சதை எடுத்துப் பார்ப்பது. சதையைச் சோதிக்காமல் புற்று என்று யாரும் முடிவுகட்ட முடியாது. இதை நான் டாக்டருக்குப் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. பாளையங்கோட்டை டாக்டர், பெரியப்பாவுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப்போட்டு, பத்து நிமிஷத்தில் சொன்னது இவ்வளவும். நான் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதிப் பிழைக்கிறவன். ஒரு தொகைக்கு நேரே விவரம் எழுதாமல் விட்டால் தணிக்கைக்கு வருகிறவர் பேரேட்டைத் தூக்கி என் முன்னால் போடுவார். மனுஷனுடைய ஆயுளைப் பற்றிய எண்ணுக்கு விவரம் வேண்டாமா?

அந்த ராத்திரிக்கு முன்னால் நடந்ததும் இதே கதைதான். ஒரு வருஷமாகவே அவர் ராத்திரியில் நாலைந்து தடவை எழுந்து போவார். போனாலும் சொட்டுச் சொட்டாகத்தான். சூடு என்று எல்லோரும் சொன்னார்கள். வெந்தயம், இளநீர், நன்னாரி எல்லாம் ஆயிற்று. அன்றைக்குச் சளி பிடித்திருந்ததால் மெடிக்கலில் ஜலதோஷ மாத்திரை வாங்கிப் போட்டார். சில ஜலதோஷ மாத்திரைகளே வீங்கிய புராஸ்டேட் உள்ளவருக்கு நீரை அடியோடு நிறுத்திவிடும் என்று பிறகுதான் தெரிந்தது. நீர் அடைத்தவருக்கு இளநீரை ஊற்ற ஊற்ற வயிறுதான் வீங்கும் என்பதும் பிறகுதான். 60 வயதைத் தாண்டிய ஆண்களில் பாதிப் பேருக்காவது இந்தச் சுரப்பி வீங்கியிருக்கும் என்கிறார்கள். அப்படியானால் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு இந்த வியாதி இருக்கிறது, யாரும் வாய் திறக்கவில்லை.

ஏன் திறக்கவில்லை என்றும் சொல்லிவிடுகிறேன். உங்கள் வராண்டாவில், பீடி சுற்றும் பெண்கள் காய்ச்சலுக்கும் இருமலுக்கும் வரிசையில் நிற்கும்போது, "ஒண்ணுக்குப் போவலன்னு வந்தது யாரு?" என்று சத்தமாகக் கேட்கிறார்கள். வரிசையில் அவருடைய மருமகள் நிற்பாள், சம்பந்தகாரர் நிற்பார். பாதிவரை இழுத்த திரைக்குப் பின்னால் வேட்டியைத் தளர்த்தச் சொல்கிறார்கள். ஆசனவாய் வழியாக விரல் வைத்து எதற்குப் பார்க்கிறார்கள் என்று முன்கூட்டியே யாரும் சொல்வதில்லை. எனக்குத் தெரிந்த ஒரு அண்ணாச்சி, சொசைட்டி டைரக்டராக இருந்தவர், அந்தத் திரைக்குப் பின்னாலிருந்து வேட்டியைக் கட்டிக்கொண்டே வெளியேறியவர்தான். அப்புறம் ஆஸ்பத்திரிப் பக்கமே வரவில்லை. ஒரு நிமிஷம் விளக்கியிருந்தால் சோதனைக்கு நின்றிருப்பார்.

பேசாமல் விட்டதில் எதிர்ப்பக்கமும் உண்டு. அடுத்த தெருவில் ஒருவருக்கு, வயசானால் இப்படித்தான் என்று மாத்திரை மட்டும் கொடுத்தார்கள். விரல் சோதனையும் இல்லை, ரத்தமும் இல்லை. முதுகுவலிக்கு வைத்தியம் பார்க்கப் போன இடத்தில்தான், புற்று எலும்புக்குப் போய்விட்டது தெரிந்தது. சாதாரண வீக்கம் புற்றாக மாறாது, ஆனால் இரண்டும் ஒரே ஆளுக்குச் சேர்ந்து இருக்கலாம். இந்த ஒரு வரியை அவருக்கு முதல் நாளே யாராவது சொல்லியிருக்கலாம்.

போன மாசம் உங்கள் வாசலில் ஆண்கள் நலம் பற்றி ஒரு ஃப்ளெக்ஸ் கட்டியிருந்தீர்கள். பார்த்து ரொம்பச் சந்தோஷப்பட்டேன். எட்டுப் பேர் படம் இருந்தது, எட்டுப் பேரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். என்ன வியாதி, என்ன அறிகுறி என்றுதான் எங்கேயும் இல்லை. அந்த ஃப்ளெக்ஸுக்கு நேர் பின்னால் ஆண்கள் கழிப்பறை. பூட்டியிருக்கும். சாவி வாட்ச்மேனிடம், வாட்ச்மேன் டீக்கடையில். நீர் அடக்க முடியாத கிழவர்கள் காலையில் வந்து மதியம்வரை டோக்கனோடு உட்கார்ந்திருக்கும் இடத்தில் கழிப்பறைக்குப் பூட்டுப் போடத் தோன்றியவருக்கு ஒரு விருது கொடுக்கலாம். ஃப்ளெக்ஸில் ஒன்பதாவது படத்துக்கும் இடம் இருந்தது.

மன்னிக்கவும், கோபத்தில் எழுதிவிட்டேன். விஷயத்துக்கு வருகிறேன்.

கதவு சாத்திய அறையும் பத்து நிமிஷப் பேச்சும் கேட்டேன் அல்லவா, அந்தப் பத்து நிமிஷத்தில் மருந்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்லுங்கள். டாம்சுலோசின் மாத்திரை சில நாட்களிலேயே நீர் போகும் வழியைத் தளர்த்திவிடும், ஆனால் படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்தால் தலை சுற்றும். டுட்டாஸ்டெரைடு சுரப்பியைச் சுருக்கும், பலன் தெரிய ஆறு மாசம் ஆகும். அதைச் சாப்பிடுகிறவருக்கு பி.எஸ்.ஏ. பாதியாகக் குறைந்து காட்டும் என்பதால், எந்த டாக்டரிடம் போனாலும் அந்த மாத்திரையைச் சொல்லியாக வேண்டும். ஒரு மாசம் சாப்பிட்டுவிட்டுக் கேட்கவில்லை என்று நிறுத்துகிறவர்கள்தான் இங்கே அதிகம். மாத்திரைக்கு அடங்காமல் திரும்பத் திரும்ப நீர் அடைத்தாலோ, கிட்னியைப் பாதித்தாலோ ஆபரேஷன். வயிற்றைக் கிழிக்காமல், நீர்க்குழாய் வழியாகவே உள்ளே போய்ச் சுரண்டி எடுப்பது, லேசரில் எடுப்பது என்று வகைகள் உண்டு. ஆபரேஷனுக்குப் பிறகு விந்து வெளியே வராமல் உள்பக்கம் போய்விடலாம் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வயசானவர்தானே என்று நீங்களே முடிவு செய்யக்கூடாது. தொந்தரவு கம்மியாக இருந்தால் மாத்திரையே இல்லாமல் கவனித்துவந்தால்கூடப் போதும். வீரியம் குறைந்த புற்றாக இருந்தால் அதையும்கூட உடனே வெட்டாமல், தவறாமல் சோதித்துக்கொண்டு வரலாமாம். இதைக் கேட்டபோது பெரியப்பா டாக்டரையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

இதெல்லாம் தமிழில் சொல்ல வராது என்று யாரும் சொல்ல வேண்டாம். பாளையங்கோட்டையில் 1964 முதல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி நடக்கிறது. மருத்துவத்தைத் தமிழில் பேசுவது இந்தச் சீமைக்குப் புதிதில்லை.

டாக்டர்களுக்கு நேரம் இல்லை என்பதும் தெரியும். நாளொன்றுக்கு எத்தனை பேரைப் பார்க்கிறீர்கள் என்று வரிசையில் நின்று பார்த்தவன்தான் நான். டாக்டரேதான் பேச வேண்டும் என்பதில்லை. விஷயம் தெரிந்த ஒரு நர்ஸ் போதும். மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம் 2021-இல் வந்ததிலிருந்து சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை கொண்டுவருகிற அம்மாவுக்கு எங்கள் தெருவில் எல்லா வீடும் தெரியும். ராத்திரி எத்தனை தடவை எழுந்து போறீங்க என்ற ஒரு கேள்வியை அவரும் கேட்டால், நடுராத்திரி ஆட்டோ பாதி குறையும்.

உங்கள் ஊசி போடும் அறைக்கு அடுத்தாற்போல், உடைந்த கட்டில்களை அடுக்கிவைத்த அறை ஒன்று இருக்கிறது. கதவு நன்றாக இருக்கிறது, தாழ்ப்பாளும் விழுகிறது. கட்டில்களை எடுத்துப்போட எங்கள் தெருப் பையன்களை அனுப்புகிறேன். மூன்று நாற்காலி சங்கத்திலிருந்து கேட்டு வாங்கித் தருகிறேன். வாரத்தில் ஒரு நாள், உங்களுக்குத் தோதான கிழமையில், பெயரை உரக்கக் கூப்பிடாமல், கதவைச் சாத்திக்கொண்டு, ஆளுக்குப் பத்து நிமிஷம் பேச ஏற்பாடு செய்துதருமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். எந்தக் கிழமை என்று வாசலில் எழுதிப் போட்டால், ஊருக்குள் சொல்லிக் கூட்டிவருவது எங்கள் பொறுப்பு.

கழிப்பறைச் சாவிக்கு மட்டும் வார முறை வேண்டாம். அது தினமும் வேண்டும்.

இப்படிக்கு,
அந்தப் பெரியவரின் தம்பி மகன்