அந்தப் பூட்டைத் திறந்து வையுங்கள்: ரயில்வே கோட்ட மேலாளருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கோட்ட மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். திருவள்ளூருக்கும் அரக்கோணத்துக்கும் நடுவில் உள்ள ஒரு சிறிய நிலையத்திலிருந்து தினமும் சென்னைக்கு வந்துபோகும் சீசன் டிக்கெட் பயணி நான். எங்கள் நிலையத்துப் பெண்கள் கழிப்பறை பூட்டியே கிடப்பதைப் பற்றி இதற்குள் மூன்று மனுக்கள் உங்கள் அலுவலகத்துக்கு வந்திருக்கின்றன. மூன்றிலும் என் கையெழுத்து இருக்கிறது. அதனால் பழைய விவரங்களைத் திரும்ப எழுதவில்லை. போன மாதம் ஒரு வியாழக்கிழமை இரவு நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

அன்று ஏழு மணி வாக்கில் சென்னை சென்ட்ரலை ஒட்டிய மூர் மார்க்கெட் நிலையத்திலிருந்து கிளம்பிய அரக்கோணம் லோக்கல், பேசின் பிரிட்ஜ் தாண்டுவதற்குள் இருபது நிமிடம் நின்றது. அது எங்களுக்குப் பழகிவிட்டது. திருவள்ளூரைத் தாண்டியபின் இரண்டு நிலையங்களுக்கு நடுவே, வயல்வெளி இருட்டில், வண்டி மறுபடி நின்றது. சிக்னல் கோளாறாம். அதையும் யாரும் அறிவிக்கவில்லை, பக்கத்துப் பெட்டியில் ஒருவர் தெரிந்தவருக்குப் போன் போட்டுக் கேட்டுச் சொன்னார். ஒரு மணி பத்து நிமிடம் அங்கேயே கிடந்தோம்.

மகளிர் பெட்டியில் எங்களோடு ஓர் அக்கா வருவார். ஐம்பத்தைந்து வயது இருக்கும், சர்க்கரை நோய் உண்டு. நகரத்தில் ஒரு மருத்துவமனையில் துப்புரவு வேலை. நாள் முழுக்க அடுத்தவர்களுக்காகக் கழிப்பறை கழுவிவிட்டு வருகிறவர். அரை மணி நேரம் ஆனதும் அவர் பேச்சை நிறுத்திவிட்டார். கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். எங்களுக்குப் புரிந்தது. மின்சார ரயிலில் கழிப்பறை கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும். இறங்கலாம் என்றால் படிக்கும் தரைக்கும் நடுவில் ஆள் உயரம், கீழே ஜல்லி, பக்கத்துத் தண்டவாளத்தில் எக்ஸ்பிரஸ் வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. "ஸ்டேஷன் வந்துடும்க்கா, கொஞ்சம் பொறுத்துக்கோங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தோம்.

ஸ்டேஷன் வந்தது. அந்த அக்கா வேகமாக நடக்க, நாங்கள் நாலு பேர் கூடவே போனோம். கழிப்பறைக் கதவில் பூட்டு. அது பூட்டியிருக்கும் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். இருந்தாலும் அந்தப் பூட்டைக் கையில் பிடித்து இரண்டு முறை இழுத்துப் பார்த்தார். நடைமேடைக்குப் பின்னால் சீமைக் கருவேலம் புதர். போன மழைக்காலத்தில் அங்கே இரண்டு முறை பாம்பு பார்த்திருக்கிறோம். செல்போன் வெளிச்சத்தில் அவரை அங்கே கூட்டிப்போக நினைத்துத் திரும்பினோம். அதற்குள் அவரால் முடியவில்லை. புடவை நனைந்து, நடைமேடையிலேயே முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நான் துப்பட்டாவை எடுத்து இடுப்பில் சுற்றிவிட்டேன். ஒருத்தி பாட்டிலில் மிச்சம் இருந்த தண்ணீரைக் கொடுத்தாள். யாரும் ஒன்றும் பேசவில்லை.

அதற்குப் பிறகு அந்த அக்கா வண்டிக்கு வரவில்லை. ஒரு மாதம் ஆகப்போகிறது.

ஐயா, கேட்பது ஒன்றுதான். அந்தப் பூட்டைத் திறந்து வையுங்கள்.

சாவி யாரிடம் என்று நாங்கள் கேட்காமல் இல்லை. நிலையத்தில் கேட்டால், ஒப்பந்தக்காரரிடம் இருக்கிறது என்றார்கள். ஒப்பந்தம் முடிந்துவிட்டது, புதிய டெண்டர் வரவேண்டும் என்றார் இன்னொருவர். திறந்து வைத்தால் குடிகாரர்கள் நாசம் செய்துவிடுகிறார்கள் என்றும் சொன்னார்கள். அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் குடிகாரர்களுக்காகப் போட்ட பூட்டு தடுத்து நிறுத்துவது எங்களைத்தான். புகார்ச் செயலியில் நான் பதிவு செய்த இரண்டாம் நாள், 'தீர்வு காணப்பட்டது' என்று குறுஞ்செய்தி வந்தது. சாயந்திரம் போய்ப் பார்த்தேன். அதே பூட்டு.

நாங்கள் மூன்று வருடத்துக்கு முன்னால்தான் இந்தப் பக்கம் வந்தோம். பெரம்பூரில் கொடுத்த வாடகைக்கும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்கும் ஈடுகொடுக்க முடியாமல், இருந்த நகையை வைத்து அரை கிரவுண்ட் வாங்கி ஒரு சின்ன வீடு கட்டினோம். ஊர் எங்களுக்குப் பிடித்திருக்கிறது. ஏரி நிறைந்தால் கொக்கும் நாரையும் வருகின்றன, கிணற்றில் நல்ல தண்ணீர், வாசலில் போட்ட கோலம் சாயந்திரம் வரை அழியாமல் இருக்கிறது. வேலை மட்டும் சௌகார்பேட்டையில், ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதுவது. விடியற்காலை நாலரைக்கு எழுந்தால்தான் ஆறரை மணி வண்டி. ஒரு வழிக்கு ஒன்றரை மணி நேரம், அதுவும் வண்டி சொன்னபடி ஓடினால். இதெல்லாம் தெரிந்துதான் வந்தோம், அதைப் பற்றிப் புகார் இல்லை. ஆனால் மத்தியானம் மூன்று மணிக்கு மேல் தண்ணீர் குடிக்கக் கூடாது என்று நானே எனக்கு ஒரு விதி வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும் என்று அப்போது தெரியாது. எங்கள் பெட்டியில் பாதிப் பெண்களுக்கு அந்த விதி உண்டு. இந்த வருடம் எனக்கு இரண்டு முறை நீர்க்கடுப்பு வந்துவிட்டது. "தண்ணி நிறைய குடிங்கம்மா" என்கிறார் டாக்டர். குடித்துவிட்டு எங்கே போவது என்று அவரிடம் கேட்டு என்ன பயன்? அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன்.

சீசன் விலை இவ்வளவு குறைவாக இருக்கும்போது இதற்கு மேல் என்ன எதிர்பார்க்கிறீர்கள் என்று ஒருவர் கேட்டார். யார், எங்கே என்று சொல்ல விரும்பவில்லை. குறைந்த விலைக்கு நன்றியோடுதான் இருக்கிறோம். அந்த விலை இல்லையென்றால் பூக்கூடையோடும் கீரைக்கட்டோடும் முதல் வண்டியைப் பிடிக்கும் அம்மாக்கள் பிழைக்கவே முடியாது. ஆனால் டிக்கெட் மலிவு என்பதால் உடம்பின் தேவை குறைந்துவிடுமா?

1856இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் ரயில் ஓடியது எங்கள் ஊர் வழியாகத்தான். எங்களுக்கு இரண்டு பக்கமும் இருக்கும் திருவள்ளூரும் அரக்கோணமும் அம்ரித் பாரத் திட்டத்தில் புதுப்பிக்கும் பட்டியலில் இருக்கின்றன. நல்லது, அவை நன்றாக இருக்கட்டும். நடுவில் இறங்குகிறவர்களையும் யாராவது நினைத்துப் பார்க்க வேண்டாமா? ரயிலை ஓட்டும் பெண்களின் நிலைமையே இப்படித்தான். எஞ்சினில் கழிப்பறை வேண்டும் என்று பெண் ஓட்டுநர்கள் எத்தனையோ வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். தன் ஊழியர்கள் கேட்டதையே இவ்வளவு காலம் தள்ளிப்போட்டவர்கள் எங்களுடைய மூன்று மனுக்களை எங்கே வைத்திருப்பார்கள் என்று நினைக்கும்போது கோபம் வருகிறது. மன்னியுங்கள். நீங்கள் பொறுப்புக்கு வருவதற்கு முன்னால் நடந்ததற்கெல்லாம் உங்கள்மேல் கோபப்படுவது சரியில்லை.

1909இல் ஓகில் சந்திர சென் என்ற பயணி, அகமத்பூர் நிலையத்தில் வயிற்று உபாதைக்காக இறங்கிப் போன நேரத்தில் ரயில் கிளம்பிவிட, ஓடிவந்து எல்லோர் முன்னாலும் விழுந்து அவமானப்பட்டார். அதை அப்படியே சாஹிப்கஞ்ச் கோட்ட அலுவலகத்துக்கு எழுதினார். ரயில் பெட்டிகளில் கழிப்பறை வந்ததற்கு அந்தக் கடிதமும் ஒரு காரணம் என்று சொல்வார்கள். அது டெல்லி ரயில் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நூறு வருடத்துக்கும் மேல் ஆகிவிட்டது, நானும் அதே அவமானத்தைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். வித்தியாசம் என்னவென்றால், நான் புதிதாக எதையும் கட்டச் சொல்லவில்லை. அறை இருக்கிறது, கதவு இருக்கிறது, பூட்டை மட்டும் எடுக்க வேண்டும்.

முதல் வண்டி வருவதிலிருந்து கடைசி வண்டி போகும்வரை அது திறந்திருக்க வேண்டும். உள்ளே தாழ்ப்பாள், குழாயில் தண்ணீர், எரிகிற ஒரு பல்பு. ஒப்பந்தம் முடிவாகும்வரை சாவியைப் பயணச்சீட்டு கொடுக்கும் இடத்திலாவது வைக்கச் சொல்லுங்கள், நாங்கள் வாங்கித் திறந்துகொண்டு திருப்பிக் கொடுத்துவிடுகிறோம். சுத்தமாக வைத்துக்கொள்ள எங்கள் பெட்டிப் பெண்கள் முறைவைத்துக்கொள்ளவும் தயார். இதைப் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

அந்த அக்காவிடம் நேற்று போனில் பேசினேன். இப்போது பஸ்ஸில், இரண்டு வண்டி மாறிப் போய்வருகிறாராம். சம்பளத்தில் பெரும்பகுதி அதிலேயே போகிறது. "திறந்துட்டாங்கன்னா சொல்லு கண்ணு, வரேன்" என்றார்.

இப்படிக்கு,
அரக்கோணம் லோக்கல், மகளிர் பெட்டிப் பயணி ஒருத்தி