இழைப்புளியைக் கீழே வை

அன்புள்ள நண்பா,

கடிதமும் படமும் கிடைத்தன. அக்கா உடல் தேறிவிட்டார் என்பதில் பெரிய நிம்மதி. இங்கே எல்லோரும் நலம். மற்ற சேதிகள் பிறகு. முதலில், வளைந்துபோன அந்த ஜன்னல் அடிப்பலகையை இழைக்கும் எண்ணத்தை விட்டுவிடு. திருகாணி போட்டு அமுக்கும் எண்ணத்தையும்தான். விடுதி மேசையிடம் காட்டிய வீரம் இங்கே வேண்டாம்.

படத்தில், குறுக்கே நீ வைத்திருக்கும் இரும்பு அளவுகோல் இரண்டு ஓரங்களிலும் பலகையைத் தொடுகிறது. நடுவில் அதன் அடியில் வெளிச்சம் தெரிகிறது; அதாவது பலகையின் மேல்பக்கம் குழிந்திருக்கிறது. ஈரம் குடித்த பக்கம் விரியும், காய்ந்த பக்கம் சுருங்கும். மேலே பளபளவென்று வார்னிஷ். அடியில் ஒரு பூச்சுகூட இல்லாத வெறும் மரம், அதுவும் புதுச் சிமென்ட் பூச்சின்மேல். மேலே கண்ணாடி வழியே வெயில், கீழே ஈரம். வைரம் பாய்ந்த மரமே ஏமாற்றிவிட்டது என்று எழுதியிருக்கிறாய். எனக்குக் கோபமே வந்தது. மரத்தின்மேல் என்ன குற்றம்?

இந்த நிலையில் இழைத்துச் சமமாக்கினால், அடிப்பக்கம் உலர்ந்து சுருங்கியதும் நடு மேடாகிவிடும். இழைத்த மரம் திரும்பி வராது. திருகி அமுக்கினாலோ நீளவாக்கில் வெடிக்கும்.

பலகையைக் கழற்று. வெயில் படாத இடத்தில் ரீப்பர் கட்டைகள்மேல் வைத்து, இருபுறமும் காற்றுப் படவிடு. அவசரப்படாதே. பெரும்பாலும் வளைவு தானாகவே இறங்கும். மிஞ்சினால், குழிந்த பக்கத்து வார்னிஷை உப்புத்தாளால் முழுக்கத் தேய்த்து எடு. வார்னிஷ் இருக்கும்வரை தண்ணீர் உள்ளே போகாது. பிறகு அந்தப் பக்கம் ஈரத்துணி போர்த்தி, கிளாம்ப் போட்டு, சமத்தைச் சற்றே தாண்டி எதிர்ப்பக்கம் வளையும்படி இறுக்கு. துணியை எடுத்தபின் நன்றாக உலரும்வரை கிளாம்பைத் தொடாதே. இதற்கும் மசியாவிட்டால் அடிப்பக்கத்தில் நீளவாக்கில் காடிகள், அதாவது ஒடுங்கிய பள்ளங்கள், வெட்டலாம். தடிமனில் மூன்றில் ஒரு பங்கு ஆழம் போதும்.

திரும்பப் பொருத்தும்போதுதான் உன் பொறுமை வேண்டும். மேல், அடி, பக்கங்கள், இரு முனைகள் எல்லாவற்றுக்கும் ஒரே அளவு பூச்சு. முனைகளுக்கு இன்னொரு கை கூடுதலாகவே கொடு; ஈரம் மிக விரைவாக ஏறுவது அங்கேதான். சிமென்ட் முழுக்க உலர்ந்தபின் பாலித்தீன் தாள் விரித்து அதன்மேல் பலகையை வை. சுவரோரம் சிறிது இடைவெளி விடு. திருகாணித் துளைகளை அகலவாக்கில் நீள்துளைகளாக இழுத்துவிடு. மரம் அசைந்துகொண்டேதான் இருக்கும். அதை நிறுத்த நம்மால் ஆகாது.

அடுத்த அறைக்கு இன்னும் பலகை வாங்கவில்லையே? ஆண்டு வளையங்களின் போக்கில் மரம் சுருங்குவது, அவற்றுக்குக் குறுக்கே சுருங்குவதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதனால் முனையில் வளையக்கோடுகள் நிமிர்ந்து நிற்கும் பலகையாகத் தேடு. வீட்டுக்குள் இருக்கும் மரத்தின் ஈரப்பதம் 8 முதல் 12 சதவீதம் வரை இருந்தால் நல்லது. வாங்கியதும் அதே அறையில் ஓரிரு வாரம் காற்றாட அடுக்கி வை. பணம் கொடுக்கும் முன் முனையைப் படமெடுத்து எனக்கு அனுப்பு. பார்த்த அன்றே பதில் எழுதுகிறேன்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்